கிரனோலா தயாரிப்பைச் சிறுதொழிலிலிருந்து பெரிதாக்குவது: முழுமையான வழிகாட்டி

ஓட்ஸ், கொட்டைகள், பாகு, எண்ணெய், ஒரு ஓவன். இவ்வளவு இருந்தால் யாரும் நல்ல கிரனோலா (இவற்றைக் கலந்து சுட்ட மொறுமொறுப்பான காலை உணவு) செய்துவிடலாம். சிக்கல் அளவு கூடும்போதுதான் வருகிறது. வாரம் 20 கிலோ செய்தபோது மொறுமொறுவென்று இருந்த சரக்கு, வாரம் 500 கிலோ ஆனதும் நமத்துப்போகிறது. கடையில் இரண்டு மாதம் இருந்தால் சிக்கு வாடை அடிக்கிறது. எல்லாம் விற்றாலும் கையில் காசு நிற்பதில்லை. மூன்றுக்கும் காரணம் உண்டு, மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்யலாம். கீழே உள்ளவை செய்யவேண்டிய வரிசையிலேயே இருக்கின்றன. சரக்கு உறுதியாவதற்கு முன் கடைகளைச் சேர்த்தால், திரும்பி வரும் பெட்டிகளுக்குத்தான் செலவு செய்வீர்கள்.

முதலில் தராசு

கப், கரண்டி, கைப்பக்குவம் எல்லாவற்றையும் எடைக்கு மாற்றுங்கள். 10 கிலோ ஓட்ஸை அடிப்படையாக வைத்தால் ஒரு பேட்ச் (ஒரு தடவை கலக்கும் அளவு) ஏறக்குறைய இப்படி அமையும்:

- ரோல்டு ஓட்ஸ்: 10 கிலோ (இதில் 1 கிலோவை மாவாக அரைத்துச் சேர்க்கலாம், காரணம் பின்னால்)
- கொட்டைகள்: 2.5 கிலோ
- விதைகள் (பூசணி, சூரியகாந்தி): 1.5 கிலோ
- தேன், மேப்பிள் அல்லது அரிசிப் பாகு: 3 கிலோ
- எண்ணெய்: 1.5 கிலோ
- உப்பு: 80 கிராம்

மொத்தம் 18.58 கிலோ. இதில் மறைந்திருக்கும் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். ஓட்ஸில் சுமார் 10 சதவீதம், தேனில் 17 முதல் 18 சதவீதம், கொட்டைகளிலும் விதைகளிலும் 5 முதல் 6 சதவீதம் நீர் இருக்கும். கூட்டினால் 1.75 கிலோ. சுட்ட பிறகு 3 சதவீத ஈரம் மட்டும் மிஞ்சவேண்டுமானால், கையில் நிற்பது சுமார் 17.3 கிலோ. ட்ரேயில் ஒட்டியது, தூளானது என்று இன்னொரு 3 சதவீதம் போனால் 16.8 கிலோ. உலர்பழம் 1.7 கிலோ சேர்த்தால் 18.5 கிலோ. கவருக்கு 300 கிராம் என்று அச்சிட்டாலும், எந்தக் கவரும் எடை குறையாதிருக்க சராசரியாக 304 கிராம் போடவேண்டிவரும். ஆக 60 கவர். பச்சை எடையை வைத்து 67 கவர் என்று கணக்கிட்டு விலை வைத்தவர், ஒவ்வொரு பேட்சிலும் பத்தில் ஒரு பங்கு வருமானத்தை இழந்துகொண்டே இருப்பார். இந்தத் தவறு மிகச் சாதாரணம். விற்பனை கூடக்கூட நட்டமும் கூடும் விசித்திரம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வறட்சிக்கு ஒரு எண்

"பொன்னிறமாகும் வரை சுடவும்" என்பது வீட்டுக்குப் போதும். தொழிலுக்கு வேண்டியது வாட்டர் ஆக்டிவிட்டி என்ற அளவு. மொத்த ஈரத்தில் எவ்வளவு நீர் கட்டுப்படாமல், வினைபுரியும் நிலையில் இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரையான எண்ணாக இது சொல்லும். கிரனோலாவுக்கு நல்ல இலக்கு 0.2 முதல் 0.35. பொதுவாக 0.4ஐத் தாண்டினால் மொறுமொறுப்பு தளரும், 0.5க்கு மேல் நமத்துவிட்டதாகவே வாடிக்கையாளர் சொல்வார். 0.6க்குக் கீழே பூஞ்சையோ பாக்டீரியாவோ வளராது. ஆகவே கிரனோலா கெடுவது பெரும்பாலும் பூசணத்தால் அல்ல, நமத்துப்போவதாலும் சிக்கடிப்பதாலும்தான்.

இதை அளக்கும் கைக்கருவி ஒன்று தேவை. புதிய மிக்ஸர் வாங்குவதற்கு முன் இதை வாங்குங்கள். ஒவ்வொரு ஓவன் லோடிலும் மேல் ட்ரே, நடு ட்ரே, கீழ் ட்ரே என மூன்று மாதிரி எடுத்து, அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகு அளந்து, லாட் எண்ணோடு (அந்தத் தொகுதிச் சரக்கின் அடையாள எண்) எழுதிவைக்க வேண்டும்.

ஓவனில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் அளவு மாறும்போது முதலில் தடுமாறுவது இந்த இடம்தான். 46 × 66 சென்டிமீட்டர் ட்ரேயில் 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் சுமார் 2 கிலோ பிடிக்கும். காற்றுச் சுழற்சி ஓவனில் 140 முதல் 150 டிகிரி செல்சியஸ், 30 முதல் 40 நிமிடம் என்பது நியாயமான தொடக்கம். வீட்டு ஓவனில் ஒரு ட்ரே மட்டும் இருக்கும்போது நீராவி தடையின்றி வெளியேறும். 16 ட்ரே கொண்ட ரேக் ஓவனில் 32 கிலோ கலவை ஏறுகிறது. அதிலிருந்து 2 லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வேண்டும். டேம்பர் (ஆவி வெளியேறும் வழியைத் திறந்து மூடும் தகடு) மூடியிருந்தால் அந்த ஆவி உள்ளேயே சுற்றும். மேலே நிறம் ஏறிவிடும், அடியில் ஈரம் நிற்கும். நிறத்தைப் பார்த்து ட்ரேயை வெளியே எடுப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார். கடைசி மூன்றில் ஒரு பங்கு நேரம் டேம்பரை முழுதாகத் திறந்துவையுங்கள். நேரத்தை மிச்சப்படுத்த வெப்பத்தை 165, 170 என்று ஏற்றவேண்டாம். தேனில் உள்ள ஃபிரக்டோஸ் சீக்கிரம் கருகும், ஓரங்கள் கசக்கும், நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். சில ட்ரேக்கள் எப்போதும் முந்திச் சிவந்தால், ஓவனுக்குள் காற்று சமமாகப் பாயவில்லை என்று பொருள். வெறும் ட்ரேக்களில் ரொட்டித் துண்டுகளை வரிசையாக அடுக்கிச் சுட்டுப் பார்த்தால் எந்த மூலை சூடு என்று தெரிந்துவிடும்.

கட்டி பிடிக்க, கட்டி உடையாமல் இருக்க

பெரிய கட்டிகளுக்காகவே காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள் நிறையப் பேர். கட்டியைப் பிடித்துவைப்பது ஆறிய பாகு. அது கண்ணாடிபோல இறுகினால்தான் கட்டி நிற்கும்.

1. பாகு, எண்ணெய், உப்பு, மசாலாப்பொடி எல்லாவற்றையும் ஒன்றாக 60 முதல் 65 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பாகு தளர்ந்து எல்லா இடமும் பூசும். பொடிகளை உலர்ந்த ஓட்ஸில் தூவினால் திட்டுத்திட்டாக நிற்கும்.
2. மெதுவான வேகத்தில் 2, 3 நிமிடம் மட்டும் கலக்குங்கள். அதற்கு மேல் போனால் ஓட்ஸ் இதழ்கள் உடைந்து தூள் கூடும்.
3. பாகும் எண்ணெயும் சேர்ந்து மொத்தக் கலவையில் 22 முதல் 28 சதவீதம் இருக்கட்டும். மேலே சொன்ன பேட்சில் அது 24.
4. ட்ரேயில் பரப்பியதும் தட்டையான பலகையால் அழுத்துங்கள். ஓட்ஸ் மாவு இடைவெளிகளை நிரப்பிப் பிடிப்பைக் கூட்டும்.
5. சுடும்போது கிளறவேண்டாம். 30 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை தொடவும் வேண்டாம். சூடாக உடைத்தால் பாகு இன்னும் இளகியே இருக்கும். கட்டியாகாது, பொலபொலவென்று உதிரும்.

கட்டிகள் ஒட்டும் பதத்திலேயே இருந்தால் தேனின் பங்கைக் குறைத்து அரிசிப் பாகைக் கூட்டிப் பாருங்கள். ஃபிரக்டோஸ் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், தாழ்ந்த வெப்பத்திலேயே இளகும். ஆறவைக்கும் அறையின் காற்றும் முக்கியம். ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ஓவனில் விரட்டிய நீரை கிரனோலா அறையிலேயே திரும்பப் பெற்றுக்கொள்ளும். டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை நீக்கும் இயந்திரம்) வைத்து 40 முதல் 45 சதவீதத்தில் நிறுத்துங்கள். மழைக்காலச் சரக்கு மட்டும் புகாரோடு திரும்பி வருகிறதென்றால், முதலில் அந்த அறையைச் சந்தேகியுங்கள்.

உலர்பழத்தைச் சுட்ட பிறகே சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் ஒரு பிரச்சினை உண்டு: உலர்திராட்சையின் வாட்டர் ஆக்டிவிட்டி 0.55, 0.6 வரைகூட இருக்கும், கிரனோலாவுடையது 0.25. ஒரே கவருக்குள் இருந்தால் நீர் பழத்திலிருந்து ஓட்ஸுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். மூன்று வாரத்தில் பழம் கல்லாகும், ஓட்ஸ் தளரும். பழத்தை 0.45க்குக் கீழே உலர்த்தி வாங்கலாம். உறையவைத்து உலர்த்திய பழத்தைப் பயன்படுத்தலாம். பழத்தின் பங்கை 8, 10 சதவீதத்தோடு நிறுத்தலாம். கலந்த சரக்கை ஒரு வாரம் மூடிவைத்து மறுபடி அளந்தால்தான் உண்மையான எண் தெரியும்.

சிக்கு வாடை

கிரனோலாவின் பரப்பு பெரிது, எண்ணெய் மெல்லிய படலமாக எங்கும் பூசியிருக்கிறது, காற்று எல்லாப் பக்கமும் படுகிறது. ஆக்சிஜனோடு சேர்ந்து எண்ணெய் கெடுவதற்கு இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. வால்நட், ஆளி, சியா ஆகியவற்றில் பலபடி நிறைவுறாக் கொழுப்பு அதிகம். அவையே முதலில் கெடும். பாதாம் நிதானமாகத் தாங்கும்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது இங்கே பெரிய முடிவு. சாதாரண சூரியகாந்தி எண்ணெயை விட ஹை ஓலியிக் வகை (எளிதில் கெடாத ஓலியிக் அமிலம் மிகுந்தது) நெடுநாள் தாங்கும். தேங்காய் எண்ணெயும் ஆக்சிஜனைத் தாங்கும். ஆனால் ஈரமும் நொதியும் கூடினால் சோப்புச் சுவை எட்டிப்பார்க்கும். ஓட்ஸில் இயல்பாகவே கொழுப்பைச் சிதைக்கும் லிப்பேஸ் என்ற நொதி இருக்கிறது. ஆலையில் ஆவியில் வேகவைத்து அதை முடக்குகிறார்கள். சரியாக வேகாத ஓட்ஸ் வந்தால் நீங்கள் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் கசப்பு வரும், ஆகவே நொதி முடக்கப்பட்டதற்கான சான்றை ஒவ்வொரு லோடுக்கும் கேளுங்கள். ரோஸ்மேரி சாறு, டோகோஃபெரால் (வைட்டமின் ஈ வகை) போன்ற, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் இயற்கைப் பொருட்களை எண்ணெயிலேயே கரைத்துச் சேர்க்கலாம். மிகையாக உலர்த்துவதும் நல்லதல்ல: 0.2க்கும் கீழே போனால் ஆக்சிஜனேற்றம் மறுபடி வேகம் பிடிக்கும்.

பாதுகாப்பு: உலர்ந்த உணவு என்ற தைரியம் வேண்டாம்

உலர்ந்த உணவில் சால்மொனெல்லா (வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் பாக்டீரியா) வளராது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உலர்ந்த சூழலில் அதன் வெப்பத் தாங்குதிறன் பல மடங்கு கூடும் என்பதால், "150 டிகிரியில் சுட்டோமே" என்ற வாதம் எடுபடாது. கலவையின் உள்வெப்பம் எவ்வளவு நேரம் எந்த அளவில் நின்றது என்பதை ஆய்வகத்தின் உதவியோடு நிரூபிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் விளையும் பாதாமுக்கு 2007 முதல் பாஸ்சுரைசேஷன் (கிருமிநீக்கம்) கட்டாயமானதே, பச்சைப் பாதாமால் வந்த சால்மொனெல்லா தொற்றுகளுக்குப் பிறகுதான். 2023 டிசம்பரில் ஒரு பெரும் பன்னாட்டு நிறுவனமே இந்தக் கிருமியின் அச்சத்தில் கிரனோலா வகைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சுட்ட பிறகு சேர்க்கும் பழம், தேங்காய்த் துருவல், விதை எல்லாம் ஏற்கெனவே பாதுகாப்பாக்கப்பட்டு வரவேண்டும். அவற்றுக்கு உங்கள் ஓவன் உதவாது.

கூடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விடுங்கள். உலர் கூடத்தில் தண்ணீர்தான் எதிரி: மூலையில் தேங்கும் ஒரு கரண்டி நீரில் கிருமி பெருகி, அங்கிருந்து சரக்குக்குப் போகும். தூரிகை, வாக்குவம், ஆல்கஹால் துடைப்பு, இவையே போதும். கழுவியே ஆகவேண்டிய பாகங்களைத் தனி அறைக்குக் கொண்டுபோய்க் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

ஒவ்வாமைப் பொருட்களை வரிசைப்படுத்தி ஓட்டுங்கள்: கொட்டை இல்லாத ருசி காலையில், பாதாம் அடுத்து, எள்ளோ நிலக்கடலையோ கடைசியில். உதிர்ந்த தூளை மறுபடி கலவையில் சேர்ப்பதானால் அதே ருசிக்கு மட்டும், 5 சதவீதத்துக்குள். "குளூட்டன் இல்லாதது" என்று எழுத ஆசைப்படுபவர்கள், ஓட்ஸ் வயலிலும் லாரியிலும் கோதுமை, பார்லியோடு கலந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸின் வரம்பு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன். சாதாரண ஓட்ஸை வைத்து அந்த வரம்புக்குள் உறுதியாக நிற்கமுடியாது.

"இயற்கை" என்ற சொல்

பல நாடுகளில் இந்தச் சொல்லுக்குத் துல்லியமான சட்ட வரையறை இல்லை. அது சுதந்திரம் அல்ல, வழக்குக்குத் திறந்த கதவு. எவற்றைப் பயன்படுத்தமாட்டோம் என்ற பட்டியலை எழுதி வைத்து, ஒவ்வொரு சப்ளையரிடமும் கையெழுத்து வாங்குங்கள். உலர்பழத்தில் சல்ஃபர் டை ஆக்சைடும், கிரான்பெரியில் பூசிய சர்க்கரையும், திராட்சையில் தடவிய எண்ணெயும் இப்படிக் கேட்டால்தான் தெரியவரும். ஓட்ஸை அறுவடைக்கு முன் காயவைக்கக் களைக்கொல்லி தெளிப்பதும் சில இடங்களில் உண்டு. எச்ச அறிக்கை கேளுங்கள். தேனோ பேரீச்சைப் பாகோ சேர்த்துவிட்டு "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று அச்சிடக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதலில் தேனும் பாகும் கட்டற்ற சர்க்கரைக் கணக்கில்தான் வருகின்றன.

கவரும் ஆயுளும்

பிரவுன் காகிதக் கவர் பார்க்க அழகு, ஆனால் வெறும் காகிதம் ஈரத்தையும் ஆக்சிஜனையும் தடுக்காது. உலோகப்பூச்சுள்ள பாலியஸ்டரும் உள்ளே பாலிஎத்திலீனும் சேர்ந்த பவுச்சுதான் தொடக்கத்துக்குப் பாதுகாப்பான தேர்வு. மக்கும் ஃபிலிம் வேண்டுமானால் பிஎல்ஏ (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) மட்டும் கொண்டதைத் தவிருங்கள், அது நீராவியை எளிதில் விடும். சரக்கு தெரிய வைக்கும் ஜன்னல் சிறிதாக இருக்கட்டும். வெளிச்சமும் எண்ணெயைக் கெடுக்கும். நைட்ரஜன் செலுத்தினால் உள்ளே மிஞ்சும் ஆக்சிஜன் 2 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். சீல் வாயில் ஒரு ஓட்ஸ் துணுக்கு சிக்கினாலே ஊசித்துளை விழும். மணிக்கொரு தடவை ஒரு கவரைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

ஆயுள் சோதனைக்கு மூன்று தொகுதி வையுங்கள்: அறை வெப்பத்தில் ஒன்று, 30 டிகிரியில் ஒன்று, 40 டிகிரியில் ஒன்று. 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்ற தோராய விதிப்படி, 40 டிகிரியில் 6 வாரம் என்பது 20 டிகிரியில் சுமார் 24 வாரத்துக்குச் சமம். சிக்கு வாடைக்கு இந்த விதி ஓரளவு பொருந்தும். மொறுமொறுப்புக்குப் பொருந்தாது, 40 டிகிரியில் பாகே இளகிவிடும். ஆகவே பதத்தை அறை வெப்பத் தொகுதியிலும், வாடையை மற்ற இரண்டிலும் பார்த்து, கிடைக்கும் ஆயுளில் முக்கால் பங்கை மட்டும் கவரில் அச்சிடுங்கள்.

விலைக் கணக்கு

அலமாரி விலையை 100 என்று வையுங்கள். கடைக்காரர் 35 எடுத்தால் விநியோகஸ்தர் அவருக்கு விற்கும் விலை 65. விநியோகஸ்தர் அதில் 20 சதவீதம் எடுத்தால் உங்கள் கைக்கு 52. தள்ளுபடி, மாதிரிப் பொட்டலம், சேதம் என்று 5 போனால் 47. பொருள், கவர், கூலி, வாடகையில் பங்கு எல்லாம் சேர்ந்த அடக்க விலை 30ஐத் தாண்டக்கூடாது. மிஞ்சும் 17இல்தான் விற்பனையாளர் சம்பளமும் கடன் வட்டியும் உங்கள் சம்பளமும் அடங்கவேண்டும். நேரடி விற்பனையில் 55 அடக்கத்துக்கு 100 வாங்கி நிம்மதியாக இருந்தவர், அதே விலையோடு கடை அலமாரிக்குப் போனால் ஒவ்வொரு கவரிலும் கையைச் சுட்டுக்கொள்வார். அதனால் முதல் நாளிலிருந்தே விநியோகஸ்தர் இருப்பதாக நினைத்தே விலை வையுங்கள்.

எப்போது சொந்தக் கூடம், எப்போது ஒப்பந்த உற்பத்தி?

ஒரு 16 ட்ரே ஓவன், ஏற்றி இறக்குவது உட்பட 40 நிமிடத்துக்கு ஒரு லோடு என்றால், 6 மணி நேரத்தில் 9 லோடு, 288 கிலோ கலவை, சுட்ட பின் சுமார் 270 கிலோ. ஓவனை விட ஆறவைக்கும் இடமே முதலில் தடையாகும்: கிளறாமல் ஆற ஒன்றரை மணி நேரம், உடைக்க அரை மணி நேரம். ஆகவே ஒரு ஓவனுக்குக் குறைந்தது 5 ரேக் தேவை. பழமும் சேர்ந்து 290 கிலோ என்றால் 950 கவர் வரும். இருவர் கையால் நிமிடத்துக்கு 3 கவர் போட்டால் 5 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இரண்டாவது ஓவன் வாங்க நினைப்பவர்கள் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது எடைபோட்டு நிரப்பும் இயந்திரம்.

ஒப்பந்த உற்பத்தியாளரிடம் போகும்போது உங்கள் கலவை அப்படியே வராது. அவரிடம் இருப்பது பெல்ட் ஓவன் (ஓடும் பட்டையில் சுடுவது), ரிப்பன் மிக்ஸர் (சுருள் தகடுகளால் கலக்குவது). படலம் மெல்லிசாக இருக்கும், இதழ்கள் அதிகம் உடையும், கட்டி சிறுக்கும். முதல் சோதனை ஓட்டத்துக்கு நேரில் நில்லுங்கள். வாட்டர் ஆக்டிவிட்டி, நிறம், கட்டியின் அளவு (குறிப்பிட்ட சல்லடையில் தங்கும் சதவீதம்), தூளின் அளவு ஆகிய நான்குக்கும் மேல்வரம்பு, கீழ்வரம்பு ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். வரம்புக்கு வெளியே போன சரக்கு யார் தலையில் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

கடைகளும் பணமும்

ஒரு கடையில் ஒரு ருசி வாரத்துக்கு எத்தனை கவர் விற்கிறது என்ற எண்ணைத் தவிர வேறெதையும் வளர்ச்சி என்று நம்பவேண்டாம். கடைகள் இரட்டிப்பாகி இந்த எண் பாதியானால் நீங்கள் வளரவில்லை, பரவியிருக்கிறீர்கள். முதல் 20, 30 கடைகளில் ருசி காட்டி, அலமாரியில் இடம் மாற்றி, மறுவாங்கலைப் பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். மூன்று ருசி போதும். நான்காவது வந்தால் இன்னொரு அச்சு ஃபிலிம், இன்னொரு கையிருப்பு, இன்னொரு ஒவ்வாமை மாற்றம்.

பணம் எங்கே முடங்குகிறது என்று பாருங்கள். மூலப்பொருள் 30 நாள், தயாரான சரக்கு 20 நாள், கடை பாக்கி வர 45 நாள். சப்ளையர் தரும் தவணை 15 நாள். மிச்சம் 80 நாள். மாத விற்பனை 100 கூடினால், அதன் அடக்கம் 60 என்று கொண்டால், 60 × 80 ÷ 30, அதாவது 160 பணம் கூடுதலாகத் தொழிலுக்குள் போய் உட்காரும். லாபம் வந்துகொண்டிருக்கும்போதே பணம் தீர்ந்துபோவது இப்படித்தான். பெரிய சங்கிலிக் கடை ஆர்டர் தந்தால், ஏற்றுக்கொள்வதற்கு முன் இந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்குக் கடைகளோடு தொடங்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அச்சிட்ட ஃபிலிமைக் குறைந்தபட்ச ஆர்டருக்கு மேல் வாங்கவேண்டாம். லேபிள் விதி மாறினால் ரோல் ரோலாகக் குப்பைக்குப் போகும்.

கடைசியாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய லாட் எண்ணை எடுத்துக்கொண்டு, அதில் போன பாதாம் எந்தச் சப்ளையரின் எந்த மூட்டை, அந்தக் கவர்கள் எந்தெந்தக் கடைக்குப் போயின என்று தேடிப் பாருங்கள். 4 மணி நேரத்துக்குள் விடை வரவில்லையென்றால், புதிய கடை சேர்ப்பதை நிறுத்திவிட்டுப் பதிவேட்டைச் சரிசெய்யுங்கள்.